விறகு ஓவன் கண்ணாடிக்கு வெறும் சாம்பல்: ரெண்டு வருஷத்துக்கு மேலான அனுபவம்

எங்கள் வீட்டுப் பின்வாசலில் நிற்பது விறகு ஓவன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. தீ எரிவதும் ரொட்டி வேகுவதும் ஒரே அறையில்; கதவில் செராமிக் கண்ணாடி. கண்ணாடி கறுத்துவிட்டால் ரொட்டி சிவந்ததா கரிந்ததா என்று பார்க்கக் கதவைத் திறக்கணும். திறந்தால் சூடு போச்சு.

கடையில் விற்கிற ஓவன் கிளீனர் நுரை நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் காஸ்டிக் சோடா கலந்தது. அந்த நெடி ரொட்டி வேகிற இடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. "பித்தளைக்குப் புளி, கரிக்குச் சாம்பல். இதுக்குப் போயி துட்டக் குடுத்து மருந்து வாங்குவாகளா?" என்றார் அத்தை. மாமியார் சொல்லி நான் உடனே கேட்ட விஷயங்களில் இது ஒன்று.

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது காரமாகி, புகையோடு வந்து ஒட்டிய தாரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கிவிடும். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றில்லை. நம்ம பக்கம் ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் சும்மாவே கிடைக்கும். அதைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, கோடு கோடாகக் கீறிவிடும். பனை ஓலை, தென்னை ஓலைச் சாம்பலையும் நான் சேர்ப்பதில்லை. உடைமர விறகு எரிந்து ஆறிய வெள்ளைச் சாம்பல்தான் என் தேர்வு. அதையும் பழைய வேட்டித் துணியில் சலித்துத்தான் எடுப்பேன். விரலால் தேய்த்துப் பார்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கணும்.

பழைய பேப்பரைக் கசக்கி நனைத்து, பிழிந்து, சாம்பலில் ஒற்றித் தேய்க்க வேண்டியதுதான். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு சாறு வழியும். அடுத்த தாளில் அது பழுப்பாகும். அதற்கடுத்ததில் கண்ணாடி தெரிந்துவிடும். கீழ் மூலைகளில் மட்டும் தார் கறுப்பாக, மினுமினுவென்று இறுகி நிற்கும். அங்கே சாம்பலைக் குழைத்து அப்பி, அரைமணி நேரம் காயவிடாமல் வைத்தால் உரிந்து வரும். கத்தி, கம்பி நார் எதுவும் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கார நீர் தோலைச் சொரசொரப்பாக்கிவிடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பொங்கவிடுகிற வைத்தியத்தை ஊரே சொல்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். பொங்குவது பார்க்க நல்லாத்தான் இருக்கும், அவ்வளவே. புளிப்புக்கு வேறு இடம் உண்டு: போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்குமே, அதற்கு அரை மூடி எலுமிச்சை போதும். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஊரெல்லாம் வருகிற இடத்தில் வினிகர் எதற்கு? கடைசித் துடைப்புக்கு ஆற்றுத் தண்ணீர் பிடித்துவைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

இத்தனை சொன்னாலும், எது வைத்துத் துடைக்கிறோம் என்பதைவிட எதை எரிக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். நன்கு காய்ந்த விறகும், மேலே காற்றுத்துளை திறந்து வைத்த தீயும் இருந்தால் கண்ணாடி லேசான சாம்பல் பூச்சோடு நின்றுவிடும், ஈரத்துணியே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகைத் திணித்தால் ஒரே அடுப்பேற்றில் கறுத்துவிடும். அப்போது எந்த மருந்தைக் குறை சொல்லி என்ன பண்ண?

கண்ணாடி முழுக்க ஆறின பிறகே கை வையுங்கள். தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். கதவைச் சுற்றியுள்ள ஃபைபர் கயிறு ஊறிப் பிடிப்பு விட்டுவிடும். துடைத்த பின் சாம்பல் மிச்சமில்லாமல் வழித்தெடுக்கணும். காரச் சாம்பல் ஒட்டியிருக்கவே மறுபடி தீ மூட்டினால் நாளடைவில் கண்ணாடியையே அரித்து வெண்மூட்டமாக்கும், அது எதற்கும் போகாது. கரண்டு ஓவனின் கண்ணாடிக் கதவுக்கும் இதே சாம்பல் கேட்கும், ஆனால் அதன் சட்டம் அலுமினியம் என்றால் அதில் படவிடாதீர்கள், கறுத்துப்போகும்.