தில்லி தேசிய அருங்காட்சியகம்: மூன்று கூடங்களுக்கு ஒரு நாள்

தில்லியில் குடியிருக்கும் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களின் வரிசை ஏறக்குறைய எழுதி வைத்ததுபோலவே இருக்கும்: செங்கோட்டை, குதுப்மினார், ராஜ்காட், ஒரு நாள் ஆக்ரா, மாலையில் ஆர்.கே. புரம் மலை மந்திர். ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு இந்த வரிசையில் எப்போதும் கடைசி இடம்தான். வெயில் தாங்காவிட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற அளவில்தான் அதன் பெயரே வீட்டில் அடிபடும். சென்ற பிப்ரவரியில் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் சித்தியும் அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். காசி யாத்திரையோடு தில்லியையும் சேர்த்துக் காட்டிய ஒரு சுற்றுலா நிறுவனம் அவர்களை வாசலில் இறக்கிவிட்டு, 40 நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறது. "உடைஞ்ச சிலையா நிறைய இருந்துச்சு, கால் வலிச்சதுதான் மிச்சம்" என்று சித்தி அந்த அனுபவத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கும் ஓர் இடத்தை, அதில் ஒரு பங்குதான் காட்சியில் இருக்கிறது என்றாலும், 40 நிமிடத்தில் நடந்து கடப்பவருக்குக் கால்வலியைத் தவிர வேறு எதுவும் கிடைக்க வழியில்லை. எனவே இந்த முறை ஒரு நிபந்தனையோடு அழைத்துச் சென்றேன்: மூன்று கூடங்கள் மட்டும், மற்றவை கண்ணில் பட்டால் படட்டும். பத்துக்கும் மேற்பட்ட தடவை இங்கே போய்வந்த பிறகு, யார் கேட்டாலும் நான் சொல்லும் யோசனையும் இதுதான்.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். முதியவர்கள் உடன் வந்தால் ஆட்டோ நல்லது. திங்கட்கிழமை விடுமுறை. இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 20 ரூபாய். ஒரு டீயும் ஒரு சமோசாவும் வாங்கும் காசு. காலை பத்து மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய்விட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை வந்து சேர்வதற்குள் முதல் கூடத்தை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இந்த அருங்காட்சியகம் பிறந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் இடமுண்டு. 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக நாட்டின் பல அருங்காட்சியகங்களிலிருந்து கப்பலேறிச் சென்ற சிற்பங்களும் ஓவியங்களும் திரும்பி வந்தபோது, அவற்றை அவரவர் ஊருக்கு அனுப்புவதற்கு முன் தில்லியிலும் ஒருமுறை காட்டுவோம் என்று இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையின் அறைகளில் வைத்தார்கள். அந்தக் காட்சியே நிலைத்து, தேசிய அருங்காட்சியகமாக உருவெடுத்தது. 1949 ஆகஸ்ட் 15 அன்று அதைத் தொடங்கி வைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. ஜன்பத்தில் இப்போதுள்ள கட்டடத்துக்கு 1955-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பரில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். நடுவே வட்டமான திறந்த முற்றமும், அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கூடங்களுமாக அமைந்த கட்டடம் என்பதால், கொஞ்சம் அசந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்போம். எனக்கு அது பிடிக்கும். வழி தவறியவர் முற்றத்தின் வெளிச்சத்தைப் பார்த்து மீண்டும் திசை பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் ஹரப்பா கூடம். இங்கே வரும் எல்லோரும் தேடுவது மொகஞ்சதாரோவின் நடன மங்கையைத்தான். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்குப் பார்த்துப் பழகிய உருவம், நேரில் 10.5 சென்டிமீட்டர்தான், அரைச் சாண்கூட வராது. "இவ்வளவுதானா?" என்று சித்தி கேட்டார்; கேட்காதவர் யாரும் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு அருகில் போய் இரண்டு நிமிடம் நின்றால் அந்த அளவு மறந்துவிடுகிறது. வலக்கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. அதில் முழங்கைக்கு மேல் இரண்டும் மணிக்கட்டில் இரண்டுமாக நான்கே வளையல்கள். இடக்கையிலோ மணிக்கட்டு முதல் தோள்வரை இடைவெளியே இல்லாமல் 20-க்கும் மேற்பட்ட வளையல்கள். கூந்தலைச் சுருட்டிக் கொண்டையாக்கி ஒரு தோளின் பக்கம் சரிய விட்டிருக்கிறாள். பாதங்கள் இல்லை. முகம் சற்றே நிமிர்ந்து, எதிரில் நிற்பவரை ஒரு பொருட்டாகவே எண்ணாததுபோல் இருக்கிறது. 1926-இல் மண்ணிலிருந்து வெளிவந்தவளுக்கு நடன மங்கை என்று பெயர் வைத்தார்கள். ஆடுகிறாள் என்பதற்கு அந்த நிற்கும் தோரணையைத் தவிர வேறு சான்று கிடையாது. "ராஜஸ்தான் பொம்பளைங்க இப்பவும் இப்படித்தான் கை நிறையப் போட்டிருக்காங்க, நேத்து மெட்ரோவில பார்த்தோமே" என்று சித்தி சொன்னபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் வெளியே உள்ள தில்லிக்கும் இடையே இருந்த நான்காயிரம் ஆண்டுகள் சட்டென்று குறைந்துவிட்டன.

சித்தப்பாவின் கண் வேறு இடத்தில் இருந்தது. புதுக்கோட்டையில் 40 ஆண்டுகள் பாத்திரக்கடை நடத்தியவர் அவர். ஒரு குத்துவிளக்கைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், அது கன வார்ப்பா, உள்ளே கூடா என்று சொல்லிவிடுவார். நடன மங்கையும் நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவள் என்று சொன்னதும், கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் குனிந்து பார்த்தார். தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துபோவதால், ஒன்றைப் போல் மற்றொன்று வராது. இதை நான் சொல்லத் தொடங்கியபோதே மீதியை அவர் சொல்லி முடித்துவிட்டார்.

இதே கூடத்தில் முத்திரைகளுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். தபால்தலையை விடச் சற்றே பெரிதான மாக்கல் சதுரங்களில், திமிலின் மடிப்பும் கழுத்துத் தசையும் தெரியுமாறு காளையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் அழுத்தினால் நேராகத் தெரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இடவலமாக மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கொம்புத் தலையணியோடு ஆசனமிட்டு அமர்ந்த உருவமும், அதைச் சுற்றி யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியவையும் உள்ள பசுபதி முத்திரையும் இங்கேதான் இருக்கிறது. அது சிவனின் முன்னோடி என்று அன்றைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் சொன்னதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியைக் காட்டி, தமிழில் மீன் என்றால் விண்மீனும்தானே என்று விளக்கும் ஆய்வாளர்களின் கருத்தை நான் சொன்னபோது சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த எழுத்து இன்னும் ஐயத்துக்கு இடமின்றிப் படிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன், அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மணிமாலைகள் உள்ள பெட்டியைக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். தேசப் பிரிவினையின்போது மொகஞ்சதாரோவின் பொருள்களும் பங்கு போடப்பட்டன. அப்போது தங்கமும் பச்சைக்கல்லும் கோத்த ஒரு மாலையை அறுத்து, பாதி மணிகள் இந்தியாவுக்கு, பாதி பாகிஸ்தானுக்கு என்று பிரித்தார்கள். சூதுபவள மணிகளால் ஆன மேகலைக்கும் அதே கதிதான் நேர்ந்தது. இதைக் கேட்டதும் சித்தியின் முகம் மாறியது. "பாகப்பிரிவினையில ஆத்தா சங்கிலியை அறுத்த மாதிரியா?" என்றார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று நடந்ததுண்டு. அந்தப் பேச்சை அங்கே யாரும் தொடரவில்லை.

நடுவில் பௌத்தக் கலைக்கூடத்தைக் கடந்து சென்றோம். உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வா என்ற ஊரில் நடந்த அகழாய்வில் கிடைத்த புத்தரின் எலும்பு எச்சங்களும், அவற்றுக்காகத் தாய்லாந்து அளித்த பொன்முலாம் மண்டபமும் இந்தக் கூடத்தின் சிறப்பு. அந்த எச்சங்கள் 2024-இல் தாய்லாந்துக்குச் சென்று வந்ததுபோல அவ்வப்போது பயணம் போவதும் உண்டு என்பதால், அதற்காகவே வருகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. சிற்றோவியங்கள், நாணயங்கள், ஆயுதங்கள், இசைக் கருவிகள் எல்லாவற்றையும் நிபந்தனைப்படி விட்டுவிட்டோம்.

வெண்கலக் கூடத்தில்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. காளிங்கன்மேல் ஆடும் கண்ணனும், நாம் கோயிலில் திரையும் தீபமுமாகப் பார்த்துப் பழகிய வேறு பல தெய்வங்களும் இங்கே விளக்கு வெளிச்சத்தில் எந்த அலங்காரமும் இன்றி நிற்கின்றன. அவற்றுள் என் நோக்கில் தலையாயது திருவரங்குளத்து நடராஜர். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. சிதம்பரத்தில் காண்பதுபோல இடக்காலைக் குறுக்கே வீசி உயர்த்திய ஆனந்த தாண்டவம் அன்று இது. இரண்டு முழங்கால்களும் மடங்கி அகன்று, உடல் சற்றே தாழ்ந்து, அடுத்த அசைவுக்குத் தயாராக இருக்கும் சதுர தாண்டவம். கால் உயரவில்லை என்பதாலேயே இயக்கம் முழுவதும் இடுப்பிலும் தோளிலும் திரண்டு நிற்கிறது. இந்த வடிவில் அமைந்த வெண்கல நடராஜர்கள் மிகவும் அரிது.

திருவரங்குளம் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் போகும் வழியில் உள்ள ஊர். சித்தப்பா வாரம் ஒருமுறை மொபெட்டில் அந்தப் பக்கம் சரக்குக் கொண்டுபோனவர். அந்த ஊர்ப்பெயரை நான் படித்துச் சொன்னதும் அவர் என்னை நம்பாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கில எழுத்துகளைத் தாமே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். பெயர்ப்பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளவை; இரண்டும் தெரியாத பெரியவர்களோடு வருபவர்கள், படித்துச் சொல்லத் தயாராக வர வேண்டும்.

சித்தி வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "பூவும் இல்ல, விளக்கும் இல்ல, பாவமா நிக்கிறாரு" என்றார்.

"துணியைச் சுத்தி மாலையைப் போட்டா, இந்த முழங்கால் வேலையை யாரு பார்க்கிறது?" என்றார் சித்தப்பா.

"துணி சாத்தினாத்தான் சாமி" என்றார் சித்தி.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டதால் நான் வாய் திறக்கவில்லை. உற்சவ மூர்த்தியாக வீதியுலா போவதற்கு வார்க்கப்பட்டவை இவை. பீடத்தில் தண்டு செருகுவதற்கான துளைகளைப் பார்த்தாலே அது தெரியும். பட்டுக்கும் மாலைக்கும் அடியில் மறையப்போகிற உடலை அந்த ஸ்தபதி இவ்வளவு கவனமாக ஏன் வடித்தார் என்ற கேள்வி கோயிலில் எழுவதற்கு வாய்ப்பே இல்லை. இங்கே எழுகிறது. இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சி. சிவராமமூர்த்தி சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தமிழர் என்பதும், நடராஜர் வடிவத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை 1974-இல் இந்த அருங்காட்சியகமே வெளியிட்டது என்பதும் இங்கே நினைவுக்கு வந்தன.

மூன்றாவதாக நான் குறித்து வைத்திருந்தது தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைனின் மத்திய ஆசியச் சேகரிப்பு. 1900-க்கும் 1916-க்கும் இடையே மூன்று பயணங்களில் பட்டுப்பாதையின் பாலைவன ஊர்களிலிருந்து அவர் கொண்டுவந்த சுவரோவியங்களும், சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பட்டுத் திரைகளும் இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவில் காணக் கிடைக்காதவை. ஆனால் அதற்குள் மணி இரண்டாகிவிட்டது, சித்திக்குப் பசி. வெளியே வந்து அசோகா சாலை ஆந்திர பவனில் சாப்பாட்டை முடித்துக்கொண்டோம். ஆக, மூன்று என்று சொல்லிப் போய் இரண்டு கூடங்கள்தான் பார்த்தோம்.

வெளியேறும்போது பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, வளாகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும் தமிழ்நாட்டு மரத்தேர். மற்றொன்று, முன்வாசலில் உள்ள அசோகரின் கிர்நார் பாறைக் கல்வெட்டின் மாதிரி. குஜராத்தில் உள்ள மூலப் பாறையின் நகல்தானே என்று எல்லோரும் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் உள்ள இரண்டாம் கட்டளை, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி செய்ததையும், மூலிகைகளை நட்டதையும், வழியெங்கும் கிணறு வெட்டியதையும் சொல்கிறது. தன் எல்லைக்கு வெளியே அந்த உதவி சென்ற நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சான்று. சித்தப்பா அந்தப் பிராமி எழுத்துகளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பாண்டியர்னு எந்த இடத்தில எழுதியிருக்கு, காட்டு" என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. அடுத்த முறை பிராமி எழுத்துகளின் அட்டவணை ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் தீபாவளிக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.