பவுசரா, சல்லியா: திருகோணமலைக் கட்டடத் தூசுக்கு எது தோது?

வீட்டுக்கும் கடைக்கும் பிளான் வரைந்து அனுமதிக்குக் கொடுப்பது என் பிழைப்பு. தூசைப் பற்றிக் கோப்பில் ஏதாவது எழுதவேண்டி வந்தால் எங்கள் ஆட்களிடம் ஒரு வரி தயாராக இருக்கும்: "தேவையானபோது நீர் தெளிக்கப்படும்." நானும் நெடுங்காலம் அதையே எழுதிவந்தேன். உவர்மலையில் ஒரு நாலு மாடி வேலை நடந்தபோது எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு, ஜன்னல் தட்டில் விரலை இழுத்துக் காட்டினார். விரல் போன பாதையில் மட்டும் பச்சைப் பெயின்ற் தெரிந்தது. மற்றதெல்லாம் சாம்பல். "தம்பி, இது காலையில் துடைத்த ஜன்னல்," என்றார். அன்றும் தண்ணீர்த் தாங்கி வாகனமான பவுசர் வந்து தெளித்துவிட்டுத்தான் போயிருந்தது.

முதலில் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்று பார்ப்போம். கருவி வைத்து அளக்கலாம், அல்லது காணியைச் சுற்றி நடந்து பார்த்துத் தரம் பிரிக்கலாம். அளப்பதென்றால், காற்றிலுள்ள 10 மைக்ரோனுக்கு உட்பட்ட துகளைக் கணக்கெடுப்பது. இலங்கையில் 2008இல் திருத்திய நியமப்படி அதன் 24 மணி நேரச் சராசரி கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 45 என்று சொல்லிவிட்டது. கையில் இலக்கம் இருந்தால் வாதாட வசதிதான். ஆனால் மார்கழி மழையில் எடுத்த இலக்கம் ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றுக்கு உதவாது. கொடியில் காயும் உடுப்பிலும் ஜன்னலிலும் படிகிற பருந்தூசு இந்தக் கணக்குக்குள் வருவதும் இல்லை. அயலார் சண்டைக்கு வருவதோ அதற்காகத்தான். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்படும் பெரிய திட்டங்களுக்கு அளவை அவசியம் என்பேன். நாலு மாடிக்கு அது வீண் செலவு.

தரம் பிரிப்பதற்குப் பிரித்தானியாவின் காற்றுத்தர முகாமைத்துவ நிறுவகம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அது வேலையை நாலாக்குகிறது: இடிப்பு, மண் வேலை, கட்டுதல், வாகனச் சில்லு வீதிக்கு இழுத்துவரும் மண். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்தைத் தனித்தனியாகச் சொல்லவேண்டும். இந்தப் பிரிப்பு எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீதிக்கு வரும் சேற்றைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்று அதற்குமுன் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் ஏமாந்துபோவோம். 12,000 கன மீற்றருக்குக் குறைந்த கட்டடம் அதில் 'சிறியது'. நாலு மாடி ஒன்றை 20 மீற்றர் நீளம், 15 அகலம், 14 உயரம் என்று பெருக்கினால் 4,200தான் வரும். நகருக்குள் நான் வரைந்த எதுவும் அந்தப் பெட்டியைத் தாண்டாது. வேலி ஓரமாகப் பாலர் பாடசாலை இருந்தாலும் கட்டுதலுக்குக் 'குறைந்த ஆபத்து' என்றே விடை கிடைக்கும். அங்கே அடைத்த ஜன்னல், அடிக்கடி தூறல். இங்கே கச்சான் தொடங்கினால் மாதக்கணக்கில் வறண்ட காற்று. புழுக்கம் தாங்காமல் வீடெல்லாம் திறந்தே கிடக்கும். ஆகவே நாலு பிரிவையும் எடுத்துக்கொண்டு, அளவுப் பெட்டியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகத் தளப் படத்தில் கச்சான் போகும் திசையைக் காட்டி ஓர் அம்புக்குறி போடுகிறேன். கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிப்பதால், கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள வீடுகள்தான் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

இனிக் கட்டுப்படுத்தும் வழிகள். பவுசரின் குறையைக் கச்சான் நாளில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒன்பது மணிக்குத் தெளித்தால் பத்து மணிக்கு நிலம் பழையபடி வெளுத்துவிடும். கொஞ்சம் தாராளமாக ஊற்றினாலோ சேறு. அது டிப்பர்ச் சில்லில் ஒட்டி வீதிக்குப் போய், காய்ந்து, அடுத்த வாகனம் ஓடும்போது மறுபடி எழும்பும். நல்ல தண்ணீர் தட்டுப்படுகிற காலமும் அதுவேதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்த உப்பு கொங்கிரீட்டுக்குள் போனால் கம்பியை அரித்துத் தின்றுவிடும். தூசை அடக்கப்போய்க் கட்டடத்தைக் கைவிடுவதா?

தகர மறைப்பு நிலத்தோடு எழும் தூசைத் தடுக்கும். மூன்றாம் மாடியில் ஓடு வெட்டினால் வருவது அதற்கு மேலாலே போய்விடும். சாரத்தில் கட்டும் பச்சை வலை மேலிருந்து விழுவதைப் பிடிக்கும், நுண்தூசைப் பிடிக்காது.

சல்லிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கேற்றிலிருந்து உள்ளே 15, 20 மீற்றருக்குக் கருங்கல் சல்லியைத் தடிப்பாகப் பரப்பினால், சில்லில் உள்ள மண்ணில் பெரும்பங்கு வளவுக்குள்ளேயே உதிர்ந்துவிடும். அது ஆவியாகாது, தினமும் வாங்கத் தேவையில்லை. வேலை முடிந்தபின் வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அதுவே அடித்தளம். மண் ஏற்றிய டிப்பருக்குப் படங்கு போடுவதையும் இதோடு சேர்த்தால் வீதித் தூசு பெருமளவு அடங்கும்.

தண்ணீர் தேவைப்படுவது கிறைண்டரின் அலகில். கொங்கிரீட், கருங்கல், ஓடு வெட்டும்போது எழும் வெண்புகையில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலைத் தழும்பாக்கும். புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையிலும் இருக்கிறது. எங்கள் மேசன்மார் துவாயை மூக்கில் சுற்றிக்கொண்டு வெட்டுகிறார்கள். அந்தத் துவாய் அவ்வளவு நுண்ணிய தூசைத் தடுக்காது. பவுசர் முழுவதையும் மண்ணில் கொட்டுவதைவிட, அலகில் ஒரு மெல்லிய தாரை விழுந்தால் அயலாரும் தப்புவார்கள், வெட்டுபவரும் தப்புவார்.

இன்னொரு வழிக்குச் செலவே இல்லை. மண் வேலையை மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் முடிப்பது. மழை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது. ஆனால் கடன் எடுத்துக் கட்டுபவருக்கு நாள் பார்க்கப் பொறுமை இராது. அப்படியான கோப்பில் சல்லியை முதலிலும், ஈரமாக வெட்டுவதை அடுத்தும், தகரத்தை மூன்றாவதாகவும், பவுசரைக் கடைசியிலும் எழுதுகிறேன். கேற்றை அம்புக்குறியின் முனையிலிருந்து தள்ளி வைக்கிறேன்.

உவர்மலைக் கட்டடத்தில் கேற் வடகிழக்கு மூலையில் இருந்தது, அக்காவின் ஜன்னலுக்கு நேரே. அந்தப் பிளானை வரைந்தவன் நான்தான். அதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.