குவார்ட்டர்ஸா, வாடகை வீடா, ஊரா? ராணுவக் குடும்பத்தின் எச்.ஆர்.ஏ. கணக்கு

போஸ்டிங் ஆர்டர் வந்த அன்று ராத்திரியே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, கிடைக்கிற வரைக்கும் வெளியே வாடகைக்கு இருந்து எச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப்படி வாங்கிக்கொள்வதா, இல்லை பிள்ளைகளோடு நான் ஊரிலேயே இருந்துவிடுவதா. வீட்டுக்காரர் ஹவில்தார். மூன்று விதமாகவும் இருந்து பார்த்துவிட்டோம்.

முதலில் பணம். எச்.ஆர்.ஏ. என்பது மொத்தச் சம்பளத்தில் கணக்காவதில்லை, அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான். அகவிலைப்படி சேராது, மாதாமாதம் வருகிற ராணுவச் சேவை ஊதியம் 5,200 ரூபாயும் சேராது. இது தெரியாமல் சம்பளச் சீட்டின் கடைசி எண்ணைப் பார்த்து 30 சதவீதம் போட்டுச் சந்தோஷப்பட்டவள் நான். இப்போதைய விகிதம் எக்ஸ் வகை என்கிற பெருநகரத்துக்கு 30, அதற்கு அடுத்த ஒய் வகை நகரத்துக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017-ல் இது 24, 16, 8 என்று ஆரம்பித்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்துதான் இந்த அளவு.

புதிதாக ஹவில்தார் ஆனவரின் அடிப்படைச் சம்பளம் 29,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்தால் 8,760 ரூபாய் வரும், கோவை, திருச்சி, மதுரை என்றால் 5,840. வெலிங்டனில் 2,920! மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கிற ஊர், பக்கத்திலேயே குன்னூர், சுற்றுலாக்காரர்கள் வந்து வந்து வாடகை ஏறிப்போன இடம். ஆனாலும் பட்டியலில் அது கடைசி வகைதான். நகரத்தின் மக்கள்தொகையை வைத்துப் பிரித்த கணக்குக்கு மலையில் வீடு தேடி அலைவது எங்கே தெரியப்போகிறது?

அதனால் சின்ன ஊர் போஸ்டிங் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், குவார்ட்டர்ஸ்தான். ஜவான்களுக்கு அதில் வாடகை கிடையாது, அதிகாரிகளுக்கு மட்டும் லைசென்ஸ் ஃபீ பிடிப்பார்கள். எச்.ஆர்.ஏ. நின்றுவிடும், சரி. ஆனால் அட்வான்ஸ் கொடுக்க நகையை அடகு வைக்க வேண்டாம், கேன்டீனும், டாக்டரைப் பார்க்கிற எம்.ஐ. ரூமும் பக்கத்திலேயே, அவர் நைட் டியூட்டி போனாலும் பயமில்லை. குறை இல்லாமல் இல்லை. ஒரு ஸ்டேஷனில் எங்கள் சமையலறைச் சுவர் மழைக்காலம் முழுக்க ஊறிக்கிடந்தது, புகார் நோட்டில் நான்கு முறை எழுதினோம், ஐந்தாவது முறை எழுதுவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. இன்னொன்று, காத்திருப்புப் பட்டியல். இரண்டரை வருஷப் போஸ்டிங்கில் முதல் எட்டு மாதம் அதிலேயே போனதும் உண்டு.

அந்த எட்டு மாதம்தான் வாடகை வீடு. பெரிய நகரத்தில் 8,760 வாங்கிக்கொண்டு இரண்டு ரூம் வீட்டுக்குப் போனால் பாதி கைக்காசுதான். வீட்டுக்காரம்மா பெட்டிகளைப் பார்த்த உடனே கேட்டார், "ஆர்மியா? அப்ப ரெண்டு வருஷத்துல காலி பண்ணிடுவீங்களே?" கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். மறைக்கவா முடியும்? அப்புறம், குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு எச்.ஆர்.ஏ. வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடக்காது. வீடு இல்லை என்று ஸ்டேஷனில் சான்றிதழ் கொடுத்தால்தான் அந்தப் பணம்.

வரி விலக்கு கிடைக்குமே என்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அது. புதிய முறையில் இப்போது 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை என்பதால், எங்களை மாதிரி வீட்டில் இதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. அதிகாரி வீட்டில் வேறு கணக்கு வரலாம், லெஃப்டினன்டுக்கு ஆரம்பமே 56,100.

மூன்றாவது, அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வரும்போது. குடும்பம் கூடப் போக முடியாது. அப்போது தனித்திருக்கும் குடும்பங்களுக்கான எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் கேட்கலாம், அல்லது குடும்பம் தங்குகிற ஊரைச் சொல்லி அந்த ஊர் விகிதத்தில் எச்.ஆர்.ஏ. வாங்கலாம். நாங்கள் இரண்டாவதைத்தான் எடுத்தோம். மாமியார் வீடு கிராமத்தில், அங்கே இருந்தால் 10 சதவீதம், வாடகையும் இல்லை, அது அப்படியே மிச்சம். மதுரையில் தங்கினால் 20, ஆனால் வாடகை அதையும் சேர்த்து விழுங்கும். கையில் நிற்கிற பணத்தை மட்டும் பார்த்தால் கிராமம்தான். மகள் ஒன்பதாவது வந்துவிட்டதால் மதுரைக்குப் போனோம், மாதம் மூவாயிரம் சொச்சம் கையை விட்டுப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. பட்டாலியன் ஆபீஸில் ஊரின் பெயரைத் தாமதமாகக் கொடுத்ததுதான் வருத்தம். அரியர் வந்து சேருவதற்குள் நான்கு மாத வாடகையை அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன்.