ஹார்ட் டிஸ்க்கை உறங்க வைக்க 20 நிமிடம்: மூன்று வருட லினக்ஸ் அனுபவம்

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, குடும்பப் படங்களையும் பேக்கப்பையும் வைக்கும் சர்வராக மூன்று வருடமாக ஓட்டுகிறேன். சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்கள் இருக்கும் 4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ராத்திரி பேக்கப் நேரத்தில்தான் வேலை. மற்ற நேரம் அது வெறுமனே சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. படுக்கையறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ரீங்காரம் வேறு.

டிஸ்க் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிபார்ம் என்ற கட்டளையில், சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் சுற்றுவதை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் பெரிய எஸ்ஸுக்கு (-S) 60 கொடுத்தேன். ஒரு மணி நேரம் என்று நினைப்பு. ஆனால் 240 வரை ஒவ்வோர் எண்ணும் 5 விநாடி, அதாவது 60 என்றால் 5 நிமிடம்தான். டிஸ்க் அடிக்கடி நின்று நின்று எழுந்தது. தேய்மானத்துக்கு அது நல்லதில்லை. 241இலிருந்து கணக்கு அரைமணி அரைமணியாகத் தாவும். சரி, ஒரு மணி நேரத்துக்கு 242 என்று மாற்றினேன். அப்புறம் டிஸ்க் நிற்கவே இல்லை.

எது தொடுகிறது என்று ஒரு வாரம் தேடினேன். எந்த நிரல் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும் ஃபாட்ரேஸை ஓடவிட்டுப் பார்த்தால் அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலும் திறக்கப்படவில்லை. லினக்ஸ் வைத்திருக்கும் டிஸ்க்ஸ்டாட்ஸ் கணக்கில் படித்த, எழுதிய எண்ணிக்கையும் அசையவில்லை. யாரும் தொடாத டிஸ்க் ஏன் விழித்தே இருக்கிறது?

காரணம் பின்னணியில் ஓடும் ஸ்மார்ட்டி (smartd) என்ற நிரல். டிஸ்க்கின் உடல்நிலையை அது 30 நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரிக்கும். இது ஃபைல் படிப்பது இல்லை, அதனால் மேலே சொன்ன எதிலும் தெரியாது. ஆனால் என் டிஸ்க்கில் ஒவ்வொரு விசாரிப்பும் உள்ளே ஓடும் டைமரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். 60 நிமிடம் எப்படி நிறையும்? ஸ்மார்ட்டி கான்ஃபிக்கில் ‘-என் ஸ்டாண்ட்பை’ சேர்த்தேன், பலனில்லை. உறங்கும் டிஸ்க்கை எழுப்பாதே என்பதுதான் அதன் பொருள். விழித்திருக்கும் டிஸ்க்கை அது வழக்கம்போல விசாரிக்கத்தான் செய்யும்.

டைமர் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ‘-என் ஸ்டாண்ட்பை’யும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும். 240 வைத்தேன், 20 நிமிடம். அன்று ராத்திரி ஹெச்டிபார்மில் டிஸ்க்கின் நிலையைக் கேட்கும் பெரிய சி (-C) கொடுத்துப் பார்த்தபோது ஸ்டாண்ட்பை, அதாவது உறக்கம், என்று வந்தது. அவ்வளவு நிம்மதி. அந்தக் கட்டளை டிஸ்க்கை எழுப்பாது, தைரியமாகப் பார்க்கலாம்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. ஃபைல் பெயர்களைப் பட்டியலிட தினம் ஒரு தடவை டிஸ்க்கை எழுப்பிய அப்டேட்டிடிபிக்கு அந்த டிஸ்க்கின் ஃபோல்டரைத் தவிர்க்கச் சொன்னேன். கரண்ட் போய் வந்தால் அமைப்பு மறந்துபோகும் என்பதால் ஹெச்டிபார்ம் கான்ஃபிக் ஃபைலில் எழுதினேன். ரீபூட்டில் டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் மாறலாம், அதனால் டிஸ்க்கை அதன் மாறாத ஐடி வழியாகக் குறிப்பிடுவது நல்லது. யுஎஸ்பி பெட்டியில் இருக்கும் டிஸ்க்குக்கு இந்த டைமர் கட்டளை சில சமயம் போய்ச் சேராது. அங்கே, சும்மா இருக்கும் டிஸ்க்கைத் தானே நிறுத்தும் ஹெச்டி-ஐடில் என்ற நிரலைப் போட்டுப் பாருங்கள்.

இன்று டிஸ்க் நின்று எழுந்த ஸ்டார்ட்-ஸ்டாப் எண்ணிக்கை 2,600 சொச்சம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பகலில் யாராவது படம் திறந்தால் டிஸ்க் எழ சுமார் பத்து விநாடி ஆகும். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.