கரிசல் மானாவாரிக்கு எந்த உளுந்து? வம்பன் 8, கே.கே.எம். 1, நாட்டு விதை

மானூர், கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் புரட்டாசிக் கடைசியில் உளுந்து போடுகிறவர் கைக்கு எட்டுகிற விதை பெரும்பாலும் மூன்றுதான். புதுக்கோட்டை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8, வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் கே.கே.எம். 1, அப்புறம் ஊருக்குள் கைமாறி வரும் நாட்டு உளுந்து. மூன்றுக்கும் 'வறட்சி தாங்கும்' என்ற பேர் இருக்கிறது. எது எப்படித் தாங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வம்பன் 8, 2016இல் வந்தது. 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். காய் ஒருசேர முற்றும், ஒரே அறுப்பு, ஆள் கூலி மிச்சம். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய்க்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. வெள்ளை ஈ மொய்க்கும் வருஷத்தில் பக்கத்துப் புஞ்சை மஞ்சளடித்துக் கிடக்க, இது பச்சையாக நிற்பதே இதை வாங்கப் போதுமான காரணம். ஆனால் இது வறட்சியைத் தாங்குகிற செடி என்பதைவிட, வறட்சி வருமுன் வேலையை முடித்துக்கொள்கிற செடி. பூ முழுவதும் 35ஆம் நாளை ஒட்டி ஒரே மூச்சில் வரும். அந்த நேரம் இரண்டு வாரம் மழை ஏமாற்றினால் பூ மொத்தமாகக் கொட்டும். மறுபடி பூக்கத் தெம்பிருக்காது. நல்ல மழை வருஷத்தில் லாபமான அதே குணம் மோசமான வருஷத்தில் காலை வாரிவிடும்.

இந்த இடத்தில் 'பாதிப் புஞ்சையில் வம்பன் 8, மீதியில் கே.கே.எம். 1 போட்டுக்கொண்டால் பயமில்லை' என்று யோசனை சொல்வார்கள். அந்த யோசனை முழுக்கச் சரியல்ல. இரண்டு ரகத்துக்கும் பெற்றோரில் ஒன்று வம்பன் 3. வயதும் ஏறக்குறைய ஒன்றே. இன்னும் பின்னால் போனால், இந்தியாவில் வெளிவந்த உளுந்து ரகங்களில் பெரும்பங்கின் வம்சத்தில் டி-9 என்ற ஒரே பழைய ரகம் வந்து நிற்கும். பேர் ஆயிரம், வேர் சில. புது நோயோ புது மாதிரி வறட்சியோ வந்தால் எல்லாம் ஒன்றாகத் தடுமாறும் என்று பயிர்ப் பெருக்கக்காரர்கள் கவலைப்படுவது இதனால்தான். காட்டு உளுந்தோடு ஒட்டுச் சேர்த்து வம்பனில் ரகம் எடுத்ததற்கும் இதுவே காரணம்.

நாட்டு உளுந்தை ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பினால் விஷயம் தெரியும். மங்கல் கறுப்பு, பளபளப்புக் கறுப்பு, இடையில் பச்சையும் பழுப்பும். பொடியும் பருமனும் கலந்திருக்கும். வயலிலும் அப்படியே, சில செடி நிமிர்ந்து நிற்கும், சில கொடியோடும், பூ மூன்று வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். முதல் பூ காய்ந்து போனாலும் பின்மழைக்கு அடுத்த செட்டு காய் பிடிக்கும். கையெடுப்பு இரண்டு முறை ஆகும், மஞ்சள் தேமல் வந்தால் பாதி போகும், மகசூலும் குறைவு. சந்தையில் நிறம் பார்த்து விலையையும் இறக்குவார்கள்.

எங்கள் தேர்வு: முக்கால் பங்கு நிலத்தில் வம்பன் 8, கால் பங்கில் நாட்டு விதை. கே.கே.எம். 1 குறையுள்ள ரகமல்ல. வம்பன் 8 கிடைக்காத வருஷம் தாராளமாக அதைப் போடலாம். ஒன்றுக்கொன்று காப்பீடு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வாங்கும்போது மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா பாருங்கள், அதுதான் சான்று விதை. முளைப்பு குறைந்தது 75 சதம், ஈரம் 9 சதத்துக்குள் இருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. விதையில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டு முட்டை, வாங்காதீர்கள். வீட்டில் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் பிரித்துப் பாருங்கள். ஊறாமல் கல்லாகவே கிடக்கும் விதையைச் செத்தது என்று தள்ளிவிட வேண்டாம். அது கடின விதை, அடுத்த மழைக்கு முளைக்கும். நாட்டு உளுந்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

விதையைக் கடினப்படுத்தும் வேலையில்தான், அதாவது விதைக்குமுன் ஊறவைத்து உலர்த்தி வறட்சிக்குப் பழக்குவதில்தான், அதிகம் கோட்டை விடுகிறார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, அதிலிருந்து கிலோ விதைக்கு 350 மில்லி எடுத்து, மூன்று மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதற்கு மேல் ஊறினால் தோல் வெடித்து முளை வெளியே வரும், அப்புறம் உலர்த்தினால் விதை செத்துப்போகும். ஊறப்போடுமுன் எடை போட்டு எழுதி வையுங்கள். நிழலில் உலர்த்தி அதே எடைக்குத் திரும்பிய பிறகுதான் விதை நேர்த்தி. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா (நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம்), பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர்). கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லி போடுகிறவர்கள் டிரைக்கோடெர்மாவை விட்டுவிட்டு, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர் சாகும். ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசைக்கு 30, செடிக்கு 10 சென்டிமீட்டர். மானாவாரிதானே என்று அடர்த்தியாக விதைத்தால் இருக்கிற ஈரத்தை எல்லாச் செடியும் பங்கு போட்டுக் காலி செய்துவிடும்.

30ஆம் நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து ஓடுகிறது. பச்சை அல்லது பழுப்பு என்றால் முடிச்சு வேலை செய்யவில்லை. பூக்கும் நேரம் வாடல் தெரிந்தால் 2 சத பொட்டாசியம் குளோரைடு தெளிப்பு, அதாவது 200 லிட்டருக்கு 4 கிலோ, காலையிலோ சாயங்காலமோ. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

தண்ணீர் தேங்கினால் மூன்று விதையும் ஒன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்கு எந்த ரகமும் பதில் சொல்லாது. பள்ளப் புஞ்சையில் வடிகால் வெட்டாமல் விதையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மழை பிந்திக் கார்த்திகை பிறந்துவிட்டால் எந்த உளுந்து மூட்டையையும் பிரிக்காதீர்கள். அந்த ஈரத்துக்குக் காணம் (கொள்ளு) போடுங்கள்.