சரிஸ்கா ஜீப் சவாரி: வழிகாட்டிக்காகவே போகலாம்

ராஜஸ்தானில் அல்வர் அருகேயுள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் காலை ஜீப் சவாரியில் புலியைக் காண்போம் என்ற உறுதி இல்லை. எனினும், ஒரு காட்டிலிருந்து புலி எப்படி முற்றிலும் அழிந்துபோகும் என்பதை இவ்வளவு தெளிவாக விளக்கும் சவாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு ஒரு புலிகூட மிஞ்சவில்லை. தோலுக்கும் எலும்புக்கும் வெளிநாட்டில் கிடைத்த விலைக்காக வேட்டைக் கும்பல்கள் அவற்றைத் தீர்த்துக்கட்டியதையும், 2008இல் அதே மாநிலத்தின் ரந்தம்பூர் புலிகள் காப்பகத்திலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து விட்டதையும், அப்படி வந்த முதல் ஆண்புலி 2010இல் நஞ்சுக்குப் பலியானதையும் எங்கள் வழிகாட்டி நிதானமாகச் சொன்னார்.

வேட்டையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே எனக்குப் பிடித்தது. காட்டுக்குள் இருக்கும் ஊர்களின் எருமைகள் புல்லை மொட்டையாக மேய்ந்திருந்த ஒரு சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மானுக்கு மேய்ச்சல் இல்லாத இடத்தில் புலிக்கு இரை ஏது என்று கேட்டார். காட்டுக்குள் பாண்டுபோல் என்ற இடத்தில் உள்ள அனுமார் கோயிலுக்குச் செல்லும் வாகன நெரிசலையும், சுற்றுவட்டாரச் சலவைக்கல் சுரங்கங்களையும் மறைக்காமல் பேசினார்.

குறை என்றால், விளக்கம் முழுவதும் இந்தியில்தான். முன்பதிவு செய்துகொடுத்த முகவர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். புலியைப் படமெடுத்தே ஆகவேண்டும் என்பவர்கள் ரந்தம்பூருக்குப் போவது நல்லது.