தெருத் தொல்லைக்குக் கேமராவா, தடை உத்தரவா, நடை ரோந்தா?

நள்ளிரவில் சன்னலடியில் கூச்சல், நடைபாதையில் உடைந்த பாட்டில்கள், போகிற வருகிற பெண்களைச் சீண்டும் கும்பல். இவை பத்திரிகையில் செய்தியாக வருவதில்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கோ தூக்கமே போய்விடுகிறது.

தீர்வு கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது கேமரா. வாகன நிறுத்துமிடங்களில் அது திருட்டைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிதடியில் அந்தப் பலன் தெரியவில்லை. போதையில் கை ஓங்குகிறவன் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதில்லையே!

தடை உத்தரவைப் பற்றி அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிசெய்தது. இந்தத் தெருவுக்குள் வராதே, இன்னாரை நெருங்காதே என்று நீதிமன்றம் ஒருவருக்கு உத்தரவிட முடிந்தது. வயது வந்தவர் மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றிருந்தது. 2013 முடிய 24,427 உத்தரவுகள் பிறந்தன. 58 சதவீதம் ஒரு முறையாவது மீறப்பட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கி வேறு உத்தரவுகளைக் கொண்டுவந்தது. ஒரே குடும்பத்தை மாதக்கணக்கில் மிரட்டும் ஆளை விலக்கி வைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் கூடி நிற்கும் பதினைந்து வயதுப் பையன்கள்மீது ஏவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. நேற்றுவரை வெறுமனே நின்றவன், உத்தரவு வந்தபின் அதே இடத்தில் நின்றாலே குற்றவாளி.

போலீஸார் தெருவில் நடந்தே காவல் சுற்றும் நடை ரோந்துக்கு வருவோம். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் இறுதியில் நடந்த சோதனையில் குற்றம் குறையவில்லை. மக்களின் பயம் குறைந்தது, போலீஸ்மீது மதிப்பு கூடியது. இது வெறும் மன ஆறுதல் என்று ஒதுக்குவோரோடு நான் உடன்படவில்லை. இருட்டியபின் வெளியே இறங்கும் தைரியத்தைத்தானே தெருத் தொல்லை பறிக்கிறது? 2009இல் அதே நாட்டின் பிலடெல்பியா நகரில் வன்முறை மிகுந்த இடங்களாகப் பார்த்துப் போலீஸாரை நடக்கவிட்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த இடங்களைவிட அங்கே வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ரோந்து நின்றதும் பலனும் கரைந்தது.

தெருவிளக்கையும் மறக்கக் கூடாது. இருட்டை மறைவாகக் கொள்கிறவர்களை அது விலக்கும், கூச்சலை அடக்காது.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் நடை ரோந்தையே கேட்பேன். ஊர் முழுவதற்கும் வேண்டாம். தொல்லை மிகுந்த சில முனைகளுக்கு, தொல்லை நேரும் மணியில். எந்த முனை, எந்த மணி என்பதைக் குடியிருப்பவர்கள் தேதியும் நேரமும் போட்டு எழுதிவைத்த குறிப்பே காட்டும். புகாரோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். பின்னால் ஒருவர்மீது தடை உத்தரவு கேட்க நேர்ந்தால் அதே குறிப்பு சாட்சியாக உதவும்.